நம்ம ஆள் என்று நான் சொன்னவர்

அவரை முதலில் பார்த்தது அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊரில் ஓர் இந்திய மளிகைக் கடையில், தொண்ணூற்றி இரண்டில். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டிய கடை அது. துவரம்பருப்பு அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் கருநீலத் தலைப்பாகை கட்டிய ஒருவர் நின்று, ஒரு மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். என் மனைவி என் காதருகே, ஆனால் குரலைத் தாழ்த்தாமல், "இந்த சர்தார்ஜி நகர்ந்தாருன்னா பருப்ப எடுத்துட்டுக் கெளம்பலாமுங்க. இவரு நகர்ற மாதிரித் தெரியல" என்றாள்.

அவர் திரும்பாமலேயே சொன்னார்: "நவுந்துட்டேம்மா. எட்துக்கோங்க."

என் மனைவிக்கு முகம் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிரிவினைக்குப் பிறகு அவருடைய அப்பா சென்னைக்கு வந்து மவுண்ட் ரோடு பக்கம் கார் உதிரி பாகங்கள் கடை வைத்தவர். இவர் பிறந்தது, படித்தது எல்லாம் தி. நகரில். பள்ளியில் தமிழ்தான் இரண்டாம் மொழி. எழுதவும் வரும். ஈரோட்டுக்காரனான எனக்கு அவருடைய சென்னைத் தமிழ் அமெரிக்கக் கடையில் கேட்டது பெரிய அதிசயமாக இருந்தது. அதிசயமாக இருந்ததுதான் பிரச்னையின் தொடக்கம் என்று இன்று தோன்றுகிறது. அவரை நான் மனிதராகப் பார்ப்பதற்கு முன்பே அதிசயமாகப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வருடம் அவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. சர்க்யூட் போர்டு தயாரிக்கும் கம்பெனி. அவர் தரப் பரிசோதனை, நான் டிசைன். லிவர்மோரில் அவர் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி நாங்களும் வீடு வாங்கினோம். காலையில் இரண்டு பேரும் ஒரே காரில் போக ஆரம்பித்தோம். ஒரு வாரம் அவர் கார், ஒரு வாரம் என் கார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் நான் அவரை அண்ணா என்றேன். அவர் என்னை 'இன்னாபா' என்று கூப்பிடுவார். எனக்குப் பெயர் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டதோ என்று நினைப்பேன்.

வழியில் சுனோல் மலைமேடு வரும்வரை அவர் பேச மாட்டார். காலை ஜெபம். மனப்பாடமாக, உதடுகள் மட்டும் அசைய, சொல்லிக்கொண்டே வருவார். அவர் காரை ஓட்டும் வாரத்திலும் அப்படித்தான். நான் ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெபம் முடிந்ததும் தலையைச் சற்றுத் தாழ்த்துவார். அடுத்த நிமிடம், "இன்னாபா, ஊட்ல இன்னா டிபன்?" என்பார்.

சாயங்காலம் திரும்பும்போது சில நாள் கேசட் போடுவார். ஆர்மோனியம், தபலா, மெதுவான பாட்டு. மொழி புரியாது. ஆனால் ராம், ஹரி, கோவிந்த் என்ற பெயர்கள் காதில் விழும். ஒரு நாள் கேட்டேன்.

"அண்ணா, இது நம்ம சாமி பேருங்களே?"

"பேரு அதான்பா. ஆனா எங்க புக்ல ராம்னா தசரதன் புள்ள இல்ல. எங்கயும் நெறஞ்சிருக்கிற ஒருத்தன். அதே புக்ல அல்லான்ற பேரும் வருது."

"எல்லாம் ஒண்ணுதானுங்ணா."

அவர் சிரித்தார். ஆமாம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு ஒப்புதல் மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமாண்டில் மலையடிவாரத்திலிருக்கும் குருத்வாராவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். என் தலையில் ஆரஞ்சு நிறக் கைக்குட்டையை அவரே கட்டிவிட்டார். உள்ளே சிலை தேடினேன். விதானத்துக்குக் கீழே பட்டு விரித்த மேடையில் ஒரு பெரிய புத்தகம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அதற்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். சீக்கியர்களுக்குப் பத்து மனித குருக்களுக்குப் பிறகு அந்த நூல்தான் குரு. காலையில் அதை எழுந்தருளச் செய்வதும் மாலையில் தனி அறையில் படுக்க வைப்பதும் உயிருள்ள ஒருவருக்குச் செய்வது போலத்தான். என் மனைவி விழுந்து கும்பிட்டாள். பிறகு தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். எனக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர், அவருக்குப் பக்கத்தில் டாக்ஸி ஓட்டுபவர். பரிமாறிய பெண்மணி அண்ணாவின் மனைவி. இந்தியும் பஞ்சாபியும் மட்டும் தெரிந்தவர். ஆனால் "போதும்" என்ற தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியும், அதைக் கேட்டால் இன்னும் ஒரு கரண்டி போட வேண்டும் என்று நினைத்திருந்தார்.

திரும்பும் வழியில் அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். எண்பத்து நாலில் டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற நாட்களில், அண்ணனைப் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் ஒளித்து வைத்தது. மூன்றாம் நாள் அந்த வீட்டுக்காரர் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், அழுதுகொண்டேதான் கொடுத்தாராம். அண்ணன் தலைமுடியை வெட்டிக்கொண்டார். உயிர் பிழைத்தார்.

"அதுக்கப்பறம் தலப்பாகை கட்டவே இல்லபா. முடி வளந்துச்சு, இவன் வளர விடல. எனக்குத் தகுதி போய்டுச்சுன்றான். யாரும் அவன ஒண்ணும் சொல்லல. அவனேதான் சொல்லிக்கறான்."



தொண்ணூற்றி ஏழில் பொங்கல் விழா. லிவர்மோர் கோவில் ஹாலில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடி நடத்துவது. அந்த வருடம் நிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது. இவரைப் பத்து நிமிஷம் தமிழில் பேச வைத்தால் கூட்டம் அசந்துவிடும் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"இன்னா பேசணும்?"

"உங்க மதத்தப் பத்திப் பேசுங்ணா. எதுன்னாலும் சரி."

மூன்று வாரம் தயார் செய்தார். மதிய இடைவேளையில் மஞ்சள் தாளில் தமிழில் எழுதுவதைப் பார்த்தேன். ஒற்றுப் பிழை வந்துவிடக் கூடாது என்று என்னிடம் இரண்டு சொற்களைக் கேட்டார். எட்டிப் பார்த்தால், "அன்னிக்குக் கேட்டுக்கோபா" என்று மூடிக்கொண்டார்.

விழா அன்று வெள்ளைக் குர்தாவும் மாம்பழ நிறத் தலைப்பாகையும். மைக்கைப் பிடித்து நான் அறிமுகம் செய்தேன். என்ன சொன்னேன் என்று சொல் சொல்லாக நினைவிருக்கிறது. மறக்க முயன்றதால் நன்றாகப் பதிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "தலைப்பாகையப் பாத்து வேற யாரோன்னு நெனச்சிராதீங்க. இவரு நம்ம ஆளு. சீக்கியம்ங்கறது தனி மதமே இல்லீங்க. இந்து தர்மத்தைக் காப்பாத்தறதுக்காக உருவான வாள். அவங்க புத்தகத்துல இருக்கறது நம்ம ராமன், நம்ம கோவிந்தன். தலைப்பாகை கட்டின இந்து, அவ்வளவுதான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் மேடைக்கு வந்தார். சட்டைப் பைக்குப் போன கை வெறுமனே திரும்பி வந்தது. "எல்லாருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்" என்றார். தி. நகர் பஸ் ஸ்டாண்டில் அவர் தமிழ் பேசக் கேட்டு ஒரு கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கும்பிட்டுவிட்டு இறங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நிகழ்ச்சி நேரத்துக்குள் முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

காரில் வரும்போது என் மனைவி, "ஏனுங்க, அவரு எழுதிட்டு வந்ததப் படிக்கவே இல்லியே" என்றாள். "கூட்டத்தப் பாத்து மறந்திருப்பாரு" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்த பிறகும் அவர் டிபனைப் பற்றிக் கேட்கவில்லை. நானேதான் கேட்டேன்.

"ஏங்ணா, பேப்பர எடுக்கவே இல்ல?"

"நீயே எல்லாம் சொல்ட்டியேபா. அப்புறம் நான் இன்னா சொல்றது?"

கோபம் இல்லாத குரல். அதனால் நான் விடவில்லை. என்னதான் எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். மலை இறங்கிய பிறகு சொன்னார்.

"எங்க கிரந்தத்துல ஒரு நெசவாளி பாட்டு இருக்கு. ஒரு தையக்காரர், செருப்பு தெக்கிறவர், ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லார் பாட்டும் இருக்கு. அது முன்னால நாங்க நெத்தி தரையில பட விழறோம். அதுக்காக அவங்கள நாங்க சீக்கியர்னு சொல்லல. அவங்க அவங்களாவே உள்ள இருக்காங்க. அத எழுதினேன். அப்புறம் எங்க ஒம்பதாவது குரு. காஷ்மீர்லேர்ந்து பிராமணங்க வந்து, எங்கள மதம் மாறச் சொல்றாங்க, எங்க பூணூலக் காப்பாத்துங்கன்னு கேட்டாங்க. இவர் டெல்லிக்குப் போயி தலையக் குடுத்தாரு. அவர் பூணூல் போடாதவருபா. மொதல் குருவே எனக்கு வேணான்னுட்டாரு. தான் நம்பாத ஒண்ணுக்காக, அத நம்பறவனுக்காகப் போயி செத்தாரு. அதச் சொல்லணும்னு நெனச்சேன். நீ எல்லாம் ஒண்ணுன்னுட்டா, அவர் செத்ததுக்கு அர்த்தமே இல்லியே?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவே கை கூசுகிறது. "நல்ல எண்ணத்துலதானுங்ணா சொன்னேன்" என்றேன்.

"தெரியும்பா. அதான் மேடையில ஒண்ணும் பேசல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்தபோது முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அவரும் அவர் மனைவியும்தான். நான்கு வருடங்கள் அதே மலை, அதே கார்கள். அவரைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது 'நம்ம ஆள்' என்று சொல்வதை மட்டும் நான் விடவில்லை. ஏதோ அன்பான வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டாயிரத்தொன்று செப்டம்பர். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி கேன்டீன் டிவியின் முன்னால் எல்லோரும் நின்றோம். கட்டடங்கள் விழுந்தன. சாயங்காலத்துக்குள் தாடியும் தலைப்பாகையும் வைத்த ஒரு முகம் எல்லா சேனலிலும் திரும்பத் திரும்ப வந்தது. கேன்டீனில் இரண்டு பேர் டிவியைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள், மறுபடி டிவியைப் பார்த்தார்கள். நானும் அதைக் கவனித்தேன். அவரும் கவனித்தார்.

அந்த வார இறுதியில் நான் என் காரின் இரண்டு ஜன்னல்களிலும் அமெரிக்கக் கொடி செருகினேன். அரிசோனாவில் ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. திங்கட்கிழமை என் கார் முறை. அவர் வழக்கம்போல் வாசலில் நின்றார். கொடிகளைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், ஜெபத்தைத் தொடங்கினார்.

லிவர்மோரை விட்டுக் கிளம்பும் இடத்தில் காஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பக்கத்துப் பம்பில் ஒரு பிக்கப் டிரக். தொப்பி போட்ட, என் வயதுள்ள ஆள். இறங்கி என்னை நோக்கி வந்தான். காருக்குள் இருந்தவரைத் தாடையால் காட்டி, "அவன் யார்? நீங்கள் இரண்டு பேரும் யார்?" என்றான். அடிக்கும் தொனி இல்லை. ஆனால் நான் ஓரடி பின்வாங்கினேன்.

"நாங்கள் முஸ்லிம் இல்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் இந்து. எங்கள் நாட்டிலும் அவர்களால் எங்களுக்குப் பிரச்னைதான். உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது, எங்களுக்கு எப்போதோ தெரியும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். "அந்த ஆள்?" என்றான் மறுபடி.

"அவர் வேறு மதம். நாங்கள் ஆபீசுக்கு ஒன்றாகப் போகிறோம், அவ்வளவுதான்."

அவன் என் தோளில் தட்டிவிட்டுப் போனான். தட்டிய இடம் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காருக்குள் ஏறியபோதுதான் அவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்ததைப் பார்த்தேன். ஜெபம் நின்றிருந்தது. ஃப்ரீவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"நான் முஸ்லிமா இருந்தா, அவன் அடிச்சா சரியாபா?"

"நான் அப்படிச் சொல்லலியேண்ணா."

"நம்ம டெஸ்டிங்ல இருக்காளே அந்த ஹைதராபாத் பொண்ணு, போன வாரத்துலேர்ந்து வேலைக்கு வரல. முக்காடு போட்டுக்கினு பஸ்ல வர பயம். அவளால உனக்கு இன்னா பிரச்னை?"

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வரும் கோபம். "உங்களக் காப்பாத்தத்தாண்ணா பேசினேன். அரிசோனால என்னாச்சுன்னு பாத்தீங்கல்ல? உங்க நல்லதுக்குச் சொல்றேன், ஒரு ஆறு மாசம், எல்லாம் அடங்கற வரைக்கும், தலைப்பாகைய எடுத்துட்டு முடிய வெட்டிக்குங்க. முடி மறுபடி வளந்துரும். யாரு கேக்கப் போறா?"

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய அண்ணன் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டார். வாய் நிற்கவில்லை. தெரிந்தேதான் அந்த வாக்கியத்தை முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போகும் லாரியையே பார்த்துக்கொண்டு வந்தார். மலை ஏறியது, இறங்கியது. கம்பெனி வாசலில் இறங்கும்போது, "தேங்க்ஸ்பா" என்றார். தினமும் சொல்லும் வார்த்தைதான்.

மதியம் என் மேஜைக்கு வந்தார். "நாளைலேர்ந்து நான் தனியா வந்துக்கறேன். உன்கூட வந்தா உனக்கும் தொந்தரவு."

"அப்படியெல்லாம் இல்லண்ணா" என்றேன். இன்னொரு முறை சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பாரோ என்னவோ. நான் ஒரு முறைதான் சொன்னேன். ஏனென்றால் அவர் அதைச் சொன்ன நொடியில் எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. நாளைக்கு காஸ் ஸ்டேஷனில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதி. வருத்தம் அதற்குப் பின்னால், மெதுவாக, பல மாதம் கழித்து வந்தது. அது இன்னும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து பார்க்கிங்கில் அவருடைய கார் வந்து நிற்பதைப் பார்த்தேன். அவர் இறங்கினார். பின்கதவைத் திறந்துகொண்டு அந்த ஹைதராபாத் பெண், சாம்பல் நிற முக்காடு, கையில் சாப்பாட்டு டப்பாவுடன் இறங்கினாள். அவளை அழைத்து வர அவர் தினமும் ஃப்ரீமாண்ட் ஊருக்குள் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அரை மணி நேரம் அதிகம். இரண்டு பேரும் ஏதோ பேசியபடி வாசலை நோக்கி நடந்தார்கள். அங்கே நின்ற சிலர் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்கள். தனித்தனியாகப் போயிருந்தால் இவ்வளவு கண்கள் திரும்பியிருக்காது. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் காரை விட்டு இறங்காமல் ஏதோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

நவம்பரில் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. அவருடைய பிரிவு மொத்தமும் போயிற்று, என் வேலை தப்பியது. அவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்த செய்தி என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மனைவி போனில் சொல்லியிருக்கிறார். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றாள். நடந்ததையெல்லாம் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், ஒன்றைத் தவிர. அந்த நிம்மதியைச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். வாடகை டிரக் வாசலில் நின்றது. அவர் அரைக்கை பனியனோடு ஒரு மெத்தையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாபா. அந்த முனையப் பிடி."

பிடித்தேன். சேர்ந்து மெத்தையை ஏற்றினோம். பிறகு சாப்பாட்டு மேஜை, ஆறு நாற்காலி, பெட்டிகள். அவர் மனைவி பரோட்டா கொண்டுவந்து கொடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டோம். பெட்டி ஏற்றும் இடைவெளிகளில் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்க நினைத்தேன். "அண்ணா" என்று கூப்பிட்டும் விட்டேன். அவர் நிமிர்ந்து, "இன்னாபா?" என்றார்.

"டெக்சாஸ்ல வெயில் ஜாஸ்தின்னு சொல்றாங்க" என்றேன்.

"மெட்ராஸ் வெயில் பாத்தவன்பா நானு."

கிளம்பும்போது என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து அழுத்தினார். "புள்ளைங்கள கேட்டேன்னு சொல்லு" என்றார். நான் தெரு முனை வரை நடந்து, திரும்பி ஒரு முறை பார்த்தேன். அவர் டிரக்கின் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் கடைசியில் அவரே போன் செய்தார், புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல. புது ஊரில் குருத்வாரா சின்னது என்றார். தோசை மாவு கிடைக்கிறது என்றார். என் பெரியவளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். இருபது நிமிடம் பேசியிருப்போம். போனை வைத்தபோது என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

லைன் சரியில்லை, விட்டு விட்டுக் கேட்டது என்று அவளிடம் சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.